ஒரே காப்ஸ்யூலில் மூன்று மருந்து: இதய மாத்திரை பற்றி வாசகர் கேள்விகள்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினையும், ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவற்றையும் ஒன்றாக அடைத்த காப்ஸ்யூல் தமிழ்நாட்டில் சர்வசாதாரணம். சிங்கப்பூரில் இவற்றைப் பெரும்பாலும் தனித்தனி மாத்திரைகளாகவே தருவார்கள். ஊருக்கும் இங்கேயுமாகப் போய்வரும் குடும்பங்களில் இந்த இரண்டு பழக்கமும் மோதிக்கொள்கின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பலவும் அதைப் பற்றியவைதான். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்களைப் பார்க்கும் டாக்டரைக் கேட்ட பிறகுதான். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இந்தப் பதில்கள் உதவும்.

என் அப்பாவுக்கு 68 வயது. ஊருக்குப் போயிருந்தபோது மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். தினம் இரவு ஒரு காப்ஸ்யூல் எழுதித் தந்தார்கள். இங்கே திரும்பியதும் மருத்துவமனையில் காட்டினோம். அவர்கள் மூன்று மாத்திரைகளைத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் மருந்து இன்னும் இரண்டு மாதத்துக்கு இருக்கிறது, வீணாக்க வேண்டாம், இரண்டையும் சாப்பிடுகிறேன் என்கிறார் அப்பா. அட்டைகளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். — வாசகி, ஜூரோங் வெஸ்ட்

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இரண்டு பக்கமும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே மருந்துகள்தான். நீங்கள் அனுப்பிய படத்தின்படி ஊர் காப்ஸ்யூலில் ஆஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரல் 75 மி.கி., ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. உள்ளன. இங்கே கொடுத்தவை ஆஸ்பிரின் 100, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாடின் 40. சேர்த்தால் ஒரு நாளில் ஆஸ்பிரின் 175, குளோபிடோக்ரல் 150, அதன்மேல் இரண்டு ஸ்டாடின். குடலில் ரத்தம் கசியவும், தசை நார்கள் சேதமாகவும் இது போதும்.

ரோசுவாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் என்று பெயர் வேறாக இருப்பதால் வேறு வேறு நோய்க்கான மருந்து என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ‘ஸ்டாடின்’ என்று முடிகிற எதுவும் கொழுப்பு மாத்திரைதான். ஒருவருக்கு ஒரு ஸ்டாடின்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் மேசைமேல் பரப்பி வையுங்கள். முன்னால் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை வைத்து ஒன்றும் தெரியாது. பின்பக்க வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் மருந்து. கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால் படிக்கலாம். மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, எழுதிக்கொடுத்த தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலோ, இரண்டு ஸ்டாடின் வந்தாலோ அங்கே வட்டம் போடுங்கள். அந்தத் தாளோடு மருத்துவமனை மருந்தாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதுவரை இங்குள்ள மருத்துவமனை கடைசியாக எழுதிக்கொடுத்ததை மட்டும் அப்பா சாப்பிடட்டும். ஊர் அட்டைகளை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஏற்கெனவே சில நாள் இரண்டையும் சாப்பிட்டிருந்தால், பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். புது ஸ்டென்டுக்கு அது இன்னும் ஆபத்து. இங்கே கொடுத்த மாத்திரைகளுக்கு மட்டும் மாறிவிட்டு, மலம் கறுத்துப்போகிறதா, சிறுநீர் பழுப்பாகிறதா என்று பார்த்தபடி அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரோசுவாஸ்டாடின் பற்றி இன்னொரு விஷயம். ஒரே அளவு கொடுத்தாலும் ஆசியர்களின் ரத்தத்தில் இது அதிகம் தங்குகிறது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் ஆகியோரை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், வெள்ளையர்களைவிட இந்தியர்களிடம் ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருந்தது. அதனால்தான் நமக்கு 5 மி.கி.யில் தொடங்குவார்கள். 40 மி.கி. ஆசியர்களுக்குக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்பே சொல்கிறது. குளோபிடோக்ரலும் ரோசுவாஸ்டாடினின் அளவை ரத்தத்தில் கொஞ்சம் ஏற்றிவிடும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு 10 மி.கி.க்கு மேல் தரமாட்டார்கள். ‘ஊரில் 20 கொடுத்தார்கள், இங்கே ஏன் குறைத்தார்கள்’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் பதிலாக இருக்கும்.

ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடியப்போகிறது. ‘ஒரு மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான் சாப்பிடுவதோ ஊரிலிருந்து வரும் கூட்டுக் காப்ஸ்யூல். எதை நிறுத்துவது? — வாசகர், உட்லண்ட்ஸ்

கூட்டுக் காப்ஸ்யூலின் பெரிய குறையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் மூன்றுக்கும் ஆயுள் ஒன்றல்ல. ஸ்டாடின் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. ஆஸ்பிரினும் பலருக்கு அப்படித்தான். குளோபிடோக்ரலுக்கு மட்டும் ஒரு முடிவுத் தேதி உண்டு. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக 12 மாதம், மாரடைப்பு இல்லாமல் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்தது என்றால் 6 மாதம், ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. சிலருக்கு ஆஸ்பிரினை நிறுத்தி குளோபிடோக்ரலைத் தொடரச் சொல்வதும் உண்டு. மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அந்தத் தேதி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். ஒரு வருடத்துக்கு என்று எழுதியதை நான்கைந்து வருடம் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதயத்துக்கு அதில் கூடுதல் லாபம் பெரிதாக இல்லாமல், வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் மட்டும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

எதிர்த்தவறு இன்னும் மோசம். ‘ஒரு வருடம் ஆகிவிட்டது’ என்று காப்ஸ்யூலையே நிறுத்திவிட்டால் ஆஸ்பிரினும் ஸ்டாடினும் சேர்ந்து நின்றுவிடும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அது இன்னொரு மாரடைப்பு.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: குளோபிடோக்ரல் எந்தத் தேதியோடு முடிகிறது? அதற்குப் பிறகு ஆஸ்பிரினா, குளோபிடோக்ரலா, எது தொடரும்? ஸ்டாடின் எந்த அளவில் தொடரும்? பதிலை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாறும்போது நாள் இடைவெளியும் வேண்டாம், இரண்டும் சேர்ந்த நாளும் வேண்டாம். திங்கள் இரவு கடைசிக் காப்ஸ்யூல் என்றால் செவ்வாய் இரவு அதே நேரத்தில் தனி மாத்திரைகள்.

ஸ்டாடின் அளவையும் அப்போதே பேசிவிடுங்கள். கூட்டுக் காப்ஸ்யூல்களில் அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. மட்டுமே உள்ள வகை நிறைய விற்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு வழக்கமாகத் தேவைப்படுவது அட்டோர்வாஸ்டாடின் 40 முதல் 80, அல்லது ரோசுவாஸ்டாடின் 20. கெட்ட கொழுப்பைப் பாதியாகக் குறைக்க அவ்வளவு வேண்டும். தாங்க முடியாதவர்களுக்குக் குறைவான அளவோடு எஸெட்டிமிப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரை 10 மி.கி. சேர்ப்பார்கள். ஸ்டாடினை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். எஸெட்டிமிப் சேர்த்தால் 20 சதவீதம் அளவுக்கு இறங்கும். அடைத்து வைத்த காப்ஸ்யூலில் இந்த மாதிரி ஏற்ற இறக்கத்துக்கு வழியே இல்லை.

ஊர் ரிப்போர்ட்டையும் இங்கத்திய ரிப்போர்ட்டையும் ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். அங்கே மில்லிகிராம், இங்கே மில்லிமோல். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பின் அளவை 38.67ஆல் வகுத்தால் இங்கத்திய எண் வரும். 70 என்பது 1.8, 55 என்பது 1.4. இதய நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 1.4க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். மருந்தை மாற்றிய 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கூட்டு மாத்திரையே கெடுதலா? — வாசகர், செங்காங்

இல்லை. எத்தனை மாத்திரை குறைகிறதோ அந்த அளவுக்கு மறதி குறையும், அது பெரிய விஷயம். 2022இல் வெளியான செக்யூர் ஆய்வில், மாரடைப்பு வந்த சுமார் 2,500 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், ரத்த அழுத்த மருந்தான ராமிப்ரில், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையையும், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சையையும் கொடுத்தார்கள். கூட்டு மாத்திரைக் குழுவில் 9.5 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 12.7 சதவீதம் பேருக்கும் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம், அவசர அடைப்பு நீக்கம் என ஏதாவது ஒன்று நேர்ந்தது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்த வகை மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. செக்யூர் ஆய்வின் மாத்திரையில் குளோபிடோக்ரல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆயுள் முழுக்க வேண்டியவற்றை ஒன்றாக அடைப்பது நல்ல யோசனை. முடிவுத் தேதி உள்ளதையும் அதில் சேர்த்தால், அந்தத் தேதியை நினைவில் வைக்கும் வேலை உங்களுக்கு வந்து சேர்கிறது.

அம்மாவுக்குக் கையெல்லாம் நீல நீலமாகத் தடம் விழுகிறது. பல் துலக்கினால் ரத்தம். மாத்திரையை நிறுத்தட்டுமா? — வாசகி, ஈசூன்

நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்கின்றன. ஒரு தட்டணு 7 முதல் 10 நாள் உயிரோடு இருக்கும். அந்த ஆயுள் முழுக்க மருந்தின் பிடி விடாது. அதனால் இன்றைக்கு நிறுத்தினாலும் நீலத் தடம் நாளைக்கே நிற்காது. காய்கறிப் பை மாட்டிய இடத்திலும், ரத்த அழுத்தப் பட்டை கட்டிய இடத்திலும் சின்னதாகத் தடம் வருவது எதிர்பார்த்ததுதான். மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுங்கள். ஈறில் தொடர்ந்து ரத்தம் வந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பல நேரம் ஈறு நோய்தான் மூலம், மருந்து அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது.

காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் பிய்ந்துவிடும். மூக்கில் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காமல் முன்னால் குனிந்து உட்கார்ந்து, எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை அதே 10, 15 நிமிடம் கிள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மலம் தார்போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில், கெட்ட நாற்றத்தோடு போனால் அது வயிற்றில் ரத்தக்கசிவாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காப்பித்தூள் போல வாந்தி, சிறுநீரில் ரத்தம், அரைமணி அழுத்தியும் நிற்காத ரத்தம் ஆகியவற்றுக்கு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் கொட்டினாலோ மயக்கம் வந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995. வாய் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றுக்கும் 995தான்.

எல்லாவற்றையும்விட வீடுகளில் அலட்சியமாக விடுவது தலையில் படும் அடியை. குளியலறையில் வழுக்கித் தலை இடித்து, ‘ஒன்றுமில்லை, வீங்கக்கூட இல்லை’ என்று எழுந்து வந்த முதியவருக்கு மண்டையோட்டுக்குள் மெதுவாக ரத்தம் சேரலாம். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் தலையை இடித்துக்கொண்டால் அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். அன்று ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த சில வாரங்களில் தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம், பேச்சில் குழப்பம் வந்தால் மறுபடி போங்கள். வீட்டில் இல்லப் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் இதை அவரிடமும் சொல்லி வையுங்கள். விழுந்ததைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைப்பார்கள், அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

காப்ஸ்யூல் தொடங்கியதும் நெஞ்செரிச்சல். புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் ஒமெப்ரசோல் தந்தார்கள். சாப்பிடலாமா? — வாசகர், தோ பாயோ

குளோபிடோக்ரலை விழுங்கியதும் அது அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்த பிறகே பலன் கிடைக்கும். ஒமெப்ரசோலும் எஸோமெப்ரசோலும் அதே நொதியை அடைத்துக்கொள்கின்றன. நேரம் தள்ளிச் சாப்பிட்டாலும் இது தீராது. பான்டோப்ரசோலுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ‘குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன், மாற்றித் தர முடியுமா’ என்று அதே கிளினிக்கில் கேளுங்கள். வயிற்றுக்கு ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேரும்போது வயிற்றுக்குக் கவசம் தேவைப்படுவோர் பலர், குறிப்பாக 65 வயதைத் தாண்டியவர்களும் முன்பு அல்சர் இருந்தவர்களும். அல்சர் இருந்ததா என்று கிளினிக்கில் கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்தில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கும். அது ரோசுவாஸ்டாடினை உடம்பில் சேரவிடாது. காப்ஸ்யூல் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நடக்கும்போது வந்து, நின்றால் குறைகிற எரிச்சலை வாயு என்று தள்ளிவிடாதீர்கள், அது இதயமாக இருக்கலாம். வியர்வையோடு நெஞ்சை அழுத்தினால் உடனே 995. இன்னொரு கூட்டுக் காப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

தொடை வலி தாங்கவில்லை. ஸ்டாடின்தான் காரணம் என்று படித்தேன். காப்ஸ்யூலைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளைக் குருணையும் ஒரு குட்டி மாத்திரையும் இருந்தன. குட்டி மாத்திரையை எடுத்துவிட்டுக் குருணையை மட்டும் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். — வாசகர், பொங்கோல்

இன்றோடு நிறுத்திவிடுங்கள். எது ஸ்டாடின், எது ரத்த மருந்து என்று நிறத்தையும் வடிவத்தையும் வைத்துச் சொல்ல முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீங்கள் தூக்கிப்போட்டது ஸ்டென்டைக் காக்கும் குளோபிடோக்ரலாகவே இருக்கலாம். ஆஸ்பிரின் குருணைகளின் மேல் இரைப்பையில் கரையாத பூச்சு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்தாலோ கடித்தாலோ அந்தப் பூச்சு போய், ஆஸ்பிரின் நேராக இரைப்பையைச் சுடும்.

தசை வலியை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. இரண்டு தொடையிலும், இரண்டு தோளிலும் ஒருசேர வலித்து, நாற்காலியிலிருந்து எழவே கஷ்டமாக இருந்தால் ரத்தத்தில் சிகே என்னும் தசை நொதியைப் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பின் மேல் வரம்பைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் ஸ்டாடினை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே அவசரப் பிரிவு. தைராய்டு குறைவாக இருந்தாலும் இதே வலி வரும், அதையும் பார்க்க வேண்டும். சமீபத்தில் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். சிம்வாஸ்டாடினோடு அது சேரவே கூடாது. அட்டோர்வாஸ்டாடினையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் சிம்வாஸ்டாடின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், பக்கவிளைவு என்று ஸ்டாடினை விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடினில் வந்த தொல்லையின் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருமுறை விட்டவர் வேறு ஸ்டாடினையோ குறைந்த அளவையோ டாக்டர் மேற்பார்வையில் மறுபடி முயன்று பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இதிலிருந்து கிடைப்பது.

மூட்டு வலிக்கு என்ன சாப்பிடலாம்? — வாசகி, அங் மோ கியோ

பாரசிட்டமால். 500 மி.கி. மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். முதியவர்களும் மெலிந்தவர்களும் நாளுக்கு ஆறு மாத்திரைக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபெனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் ஆகியவை ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு பெருகும். ஐபுப்ரோஃபென் கூடுதலாக ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தையே பிடித்துக்கொண்டு அதன் பலனைக் கெடுத்துவிடும். கிளினிக்கில் வலிக்கு மாத்திரை எழுதும்போது, ‘ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். இணையத்திலும், எல்லை தாண்டியும் வாங்கும் ‘மூலிகை’ மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துபோனால் சந்தேகப்படுங்கள்.

சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் பம்ளிமாஸ் பழம் தருகிறார்கள். கொழுப்புக்குச் சீன மருந்துக்கடையில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையும் விற்கிறார்கள். — வாசகி, புக்கிட் பாத்தோக்

பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் உடைவதைக் குடலில் தடுத்து, ரத்தத்தில் அளவை ஏற்றும். சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். அட்டோர்வாஸ்டாடின் என்றால் பண்டிகைக்கு இரண்டு சுளை பரவாயில்லை, தினமும் அரைப் பழம் வேண்டாம். ரோசுவாஸ்டாடினுக்குப் பயமில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை எல்லோரும் சாப்பிடலாம்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் உள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாடினேதான். தெரியாமல் இரண்டாவது ஸ்டாடின் சேர்ந்துவிடும். (சமைத்துச் சாப்பிடும் கேரளச் சிவப்பரிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பூண்டு மாத்திரை, ஜிங்கோ, அதிக அளவு மீன் எண்ணெய், மஞ்சள் காப்ஸ்யூல், டாங் குவாய் ஆகியவையும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். குழம்பில் போடும் பூண்டும் மஞ்சளும் அந்த அளவுக்கு வராது.

தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல். ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினால் போதுமா? — வாசகர், சிராங்கூன்

நிறுத்தக் கூடாது. அதனால் இந்த வருடம் அலகும் கூடாது. குளோபிடோக்ரலின் பிடி விட ஐந்து நாளாவது ஆகும், ஆஸ்பிரினுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். அந்த நாட்களில் ஏழு மாத ஸ்டென்ட் காவல் இல்லாமல் கிடக்கும். நிறுத்தாமல் குத்தினால், குத்தும்போதைவிட டேங்க் ரோட்டுக் கோயிலில் அலகைக் கழற்றும்போது ரத்தம் பிடிக்க முடியாமல் போகலாம். நாக்கிலும் கன்னத்திலும் வரும் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், வெளியிலிருந்து அழுத்தவும் வழியில்லை. இவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி வந்தவர் நீங்கள். பால்குடம் எடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான். அதற்கும் விரதத்துக்கும் வெயிலில் நடப்பதற்கும் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் வெறும் வயிறும் சேர்ந்தால் வரிசையிலேயே தலை சுற்றும்.

பல் பிடுங்குவதும் இதே கதைதான். ஒரு பல் என்றால் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கிவிடலாம். பஞ்சைக் கடித்து அழுத்துவது, தேவைப்பட்டால் தையல் என்று பல் டாக்டர் ரத்தத்தை நிறுத்திவிடுவார். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், முடிந்தால் காலை நேரத்தைக் கேளுங்கள்.

எங்கள் பேட்டையில் டெங்கி பரவுகிறது. கணவருக்குக் காய்ச்சல். ஆஸ்பிரின் கூடாது என்கிறார்களே, காப்ஸ்யூலை என்ன செய்வது? — வாசகி, தெம்பனிஸ்

ஆஸ்பிரின் கூடாது என்பது காய்ச்சலுக்கும் வலிக்கும் புதிதாகச் சாப்பிடுவதைப் பற்றியது. அதற்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுவதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது. இன்றே டாக்டரிடம் போய் ரத்தம் பாருங்கள். தட்டணு எண்ணிக்கை எவ்வளவு, ஸ்டென்ட் வைத்து எவ்வளவு நாள் ஆகிறது என்ற இரண்டையும் எடைபோட்டு அவர் முடிவு சொல்வார். ஸ்டென்ட் வைத்த தேதியை எழுதிக் கொண்டுபோங்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் மோசமானவை. அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் மருத்துவமனை.

நோன்பு மாதத்தில் எப்போது சாப்பிடுவது? மறந்துபோனால்? — வாசகர், கேலாங்

அட்டோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம், ஆஸ்பிரின் சாப்பாட்டுக்குப் பின் நல்லது. அதனால் நோன்பு திறந்து, மக்ரிபுக்குப் பின் வயிறாரச் சாப்பிட்டதும் காப்ஸ்யூலைப் போட்டுக்கொள்ளுங்கள். மறந்தால், 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் அப்போதே சாப்பிடலாம். நோன்பு நேரமாக இருந்து தள்ளிப்போனால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

எனக்கு 52 வயது, இதயத்தில் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. முன்னெச்சரிக்கையாக அவர் காப்ஸ்யூலையே சாப்பிடட்டுமா? — வாசகர், சுவா சூ காங்

வேண்டாம். இதய நோய் வராதவருக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் பாதுகாப்பைப் பெரும்பாலும் அதன் ரத்தக்கசிவே தின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான முதியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் இதய நோயைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, பெரிய ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. ஸ்டாடின் வேறு விஷயம், அது உங்களுக்குத் தேவைப்படலாம். ஹெல்தியர் எஸ்ஜி என்னும் அரசு நலத் திட்டத்தில் பதிந்த கிளினிக்கில் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து, சிங்கப்பூருக்கென்று உள்ள அபாயக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அதில் இனமும் ஒரு கணக்கு. அண்ணனுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதையும் சொல்லுங்கள், 55க்கு முன் என்றால் அதற்குத் தனி எடை உண்டு.

ஊரிலிருந்து எவ்வளவு மருந்து கொண்டுவரலாம்? எப்படி வைப்பது? — வாசகி, பாசிர் ரிஸ்

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கையோடு கொண்டுவரலாம். மருந்துச் சீட்டும் அசல் அட்டையும் கூடவே இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை வேறு கணக்கு, அவற்றுக்கு முன்கூட்டியே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவைப்படலாம்.

சிங்கப்பூரின் ஈரக்காற்று ஆஸ்பிரினுக்கு ஆகாது. ஈரம் பட்டால் அது அசிட்டிக் ஆசிடாகவும் சாலிசிலிக் ஆசிடாகவும் உடையும். அதனால் காப்ஸ்யூலை எல்லாம் உரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். வாராந்திர மாத்திரை டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டு, மீதியை அட்டையோடே அலமாரியில் வையுங்கள். குளியலறையும் அடுப்பங்கரையும் வேண்டாம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த மாத்திரைகள் கெட்டுவிட்டன, தூக்கிப்போட்டுவிட்டுப் புது அட்டையைப் பிரியுங்கள்.